புளியரை இறக்கமும் இரண்டாம் கியரும்: ஏழு ஆண்டு அனுபவம்

அம்பாசமுத்திரத்திலிருந்து செங்கோட்டை, ஆரியங்காவு வழியாகப் புனலூருக்கு மாதம் இரண்டு முறையாவது காரில் போய்வருகிறேன். திரும்பும்போது ஆரியங்காவுப் பக்கத்து மலைச்சாலையிலிருந்து அடிவாரத்திலுள்ள புளியரைக்கு இறங்க வேண்டும். ஐந்து கியர் கொண்ட சிறிய பெட்ரோல் கார். வாங்கி ஏழு ஆண்டுகள் ஆகின்றன.

முதல் ஆண்டில், இறக்கத்தில் நியூட்ரலில், அதாவது எந்தக் கியரும் போடாமல், விட்டால் பெட்ரோல் மிச்சமாகும் என்று பலரும் சொன்னதை நம்பி, பிரேக்கை மட்டுமே மிதித்து இறங்கிக்கொண்டிருந்தேன். ஒருநாள் மாலை, பாரம் ஏற்றிய லாரிக்குப் பின்னால் ஊர்ந்து வந்து எஸ் வளைவைக் கடந்தபோது கருகல் வாடை அடித்தது. பிரேக் மிதி வழக்கத்தைவிட ஆழமாக இறங்கியது. புளியரையில் ஓரங்கட்டி நிறுத்தி, முன்சக்கரத்தின் அருகே கையைக் கொண்டுபோனேன். தொடாமலே அனல் அடித்தது. சூடேறிய பிரேக் பேடுகள் பிடிமானத்தை இழக்கும் என்பதும், பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி விட்டால் மிதி அமுங்கிப் போகும் என்பதும் அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அதன்பின், ஏறும்போது எந்தக் கியர் தேவைப்படுகிறதோ அதே கியரில்தான் இறங்குகிறேன். அதையும் சரிவு தொடங்கும் முன்பே போட்டுவிடுகிறேன். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் இன்ஜினே வண்டியை வேகமெடுக்க விடாமல் பிடித்துக்கொள்கிறது. பெட்ரோல் மிச்சம் என்பதும் தவறான கணக்கே: இன்றைய இன்ஜெக்‌ஷன் இன்ஜின்களில் கியரில் இறங்கும்போது எரிபொருள் பாய்வது பெரும்பாலும் நின்றுவிடுகிறது, நியூட்ரலிலோ இன்ஜின் அணையாமல் ஓடவே பெட்ரோல் வேண்டும்.

பழகக் கடினமாக இருந்தது கியரை அதிராமல் குறைப்பதுதான். மூன்றாவது கியரில் நிமிடத்துக்கு 2000 சுற்று ஓடும் என் இன்ஜின், அதே வேகத்தில் இரண்டாவதில் ஏறத்தாழ 3000 சுற்று ஓட வேண்டும். அந்த வித்தியாசத்தைக் கிளட்சின் தலையில் கட்டினால் வண்டி முன்னுக்கு உதறும். சாரல் காலத்து ஈரச்சாலையில் முன்சக்கரம் வழுக்கவும் கூடும். ஆகவே கிளட்சை மிதித்து கியரை மாற்றும் அதே கணத்தில் வலது காலால் ஆக்ஸிலேட்டரை லேசாக ஒரு தட்டுத் தட்டி, இன்ஜின் சத்தம் உயர்ந்ததும் கிளட்சை விடுகிறேன். சரியாக அமைந்தால் கியர் மாறியதே தெரியாது. இது கைவர எனக்கு மூன்று மாதங்கள் பிடித்தன.

ஏற்றத்தில் இன்ஜின் முக்கத் தொடங்கும்வரை காத்திருக்கக் கூடாது. வேகம் மிச்சமிருக்கும்போதே குறைத்துவிட வேண்டும். நெடுஞ்சாலை வேகத்தில் ஐந்திலிருந்து நேரே இரண்டுக்குத் தாவுவது இன்ஜினையே கெடுத்துவிடும். சமதளத்தில் நிறுத்துவதற்காக ஒவ்வொரு கியராக இறங்கி வருவதை நான் விட்டுவிட்டேன். கிளட்ச் தேய்வதைவிட பிரேக் பேடு தேய்வது செலவு குறைவு.

லாரிக்குப் பின்னால் ஊரும்போது இரண்டிலிருந்து ஒன்றுக்குக் குறைப்பது மட்டும் இன்னமும் முரண்டு பிடிக்கிறது. அங்கே பழைய பேருந்து ஓட்டுநர்களின் முறைப்படி, நியூட்ரலில் ஒருமுறை கிளட்சை விட்டு, ஆக்ஸிலேட்டரைத் தட்டி, மறுபடி கிளட்சை மிதித்துப் போடுகிறேன். அப்போது உரசல் சத்தமின்றி விழுகிறது.