லூமிக்ஸ் எஃப்இசட் 300: முட்டிவலிக்காரியின் காட்டுக் கேமரா

உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் அறிவியல் டீச்சர் நான். வயது 47. மாதத்தில் ஒரு ஞாயிறாவது வால்பாறைப் பக்கமோ மறையூர்ப் பக்கமோ கிளம்பிவிடுவேன். இரண்டு வருடம் முன்பு வரை போனில்தான் படம். ஆழியாறு தாண்டி ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் வரையாடு ரோட்டோரச் சுவருக்கே வந்து நிற்கும். அதற்குப் போன் தாராளம். ஆனால் மரத்து உச்சியில் கிடக்கும் மலை அணிலை எடுத்துவந்து வகுப்பில் காட்டினால், "இதுல அணில் எங்க டீச்சர்?" என்று கடைசி பெஞ்சிலிருந்து கேள்வி வரும்.

எங்கள் பி.டி. சாரிடம் தூரத்தை இழுத்துக் காட்டும் 150-600 மி.மீ. லென்ஸ் போட்ட டிஎஸ்எல்ஆர் (லென்ஸ் மாற்றும் பெரிய கேமரா) இருக்கிறது. டாப்ஸ்லிப்பில் கரியன் சோலைக்குள் வனத்துறை வழிகாட்டியோடு நடந்த அன்று ஆசைக்கு அதைக் கொஞ்ச நேரம் கழுத்தில் மாட்டிப் பார்த்தேன். லென்ஸ் மட்டுமே இரண்டு கிலோ. இறக்கத்தில் அது ஒரு பக்கம் இழுக்க, முட்டி மறுபக்கம் இழுக்க, படம் எடுக்கும் எண்ணமே போய்விட்டது. விலையும் நம் கணக்கில் இல்லை. எனக்கு 25,000 ரூபாய்க்குள் முடியவேண்டும், கைப்பையில் அடங்கவேண்டும், மழைத்தூறலுக்குப் பயப்படக்கூடாது.

லென்ஸ் மாற்ற முடியாத "பிரிட்ஜ்" வகைக் கேமராதான் வழி என்று தெரிந்தது. அங்கே ஜூம் எண்கள் ஆளை மயக்கும். நிக்கான் பி900 83 மடங்கு, 2000 மி.மீ. வரை போகும் (இந்த எண் கூடக்கூடத் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும்). கேனான் எஸ்எக்ஸ்70 65 மடங்கு. நான் வாங்கிய பானாசோனிக் லூமிக்ஸ் எஃப்இசட் 300, 2015-இல் வந்த பழைய மாடல், வெறும் 24 மடங்கு. 25-இல் தொடங்கி 600 மி.மீ.யோடு நின்றுவிடும். "ஜூம் பத்தாதுங்க டீச்சர்" என்றார் பி.டி. சார்.

பத்தாதுதான். ஆனால் நான் போவது சோலைக்காடு. நடுப்பகலிலும் உள்ளே மாலை ஆறு மணி மாதிரி இருக்கும். மற்ற இரண்டும் முழு ஜூமுக்குப் போகையில் லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளை எஃப் 6.5 ஆகச் சுருங்கிவிடும் (எஃப் எண் கூடினால் துளை சின்னதாகும்). இது 600 மி.மீ.யிலும் எஃப் 2.8 திறந்தபடியே இருக்கும். கணக்குப் போட்டால் ஐந்து மடங்குக்கு மேல் வெளிச்சம். புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குக் கூட்டம் பலா மரத்தில் இருந்தபோது ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்வைக் கூட்டும் எண்) 800-இல் எனக்கு 1/200 வினாடி ஷட்டர் வேகம் கிடைத்தது. அதே நிழலில் எஃப் 6.5 என்றால் 1/40-தான் கிடைக்கும். குரங்கு 1/40-க்கு அசையாமல் உட்காருமா?

அன்று தூறல் வேறு. இதன் உடம்பு தூசும் நீர்த்துளியும் தாங்கும்படி அடைக்கப்பட்டது. இந்த விலையில் அது அபூர்வம். தண்ணீரில் போடலாம் என்று அர்த்தமில்லை; துண்டால் துடைத்துக்கொண்டே அரை மணி நேரம் எடுத்தேன், ஒன்றும் ஆகவில்லை. (எனக்குத்தான் ஆனது. இரண்டு அட்டைக் கடி, சாக்ஸையும் மீறி.) பேட்டரியோடு 691 கிராம். இப்போது முட்டி என்னைத்தான் திட்டுகிறது, கேமராவை அல்ல.

குறைகளும் நிறைய. உள்ளே படத்தைப் பதியும் சென்சார் சுண்டுவிரல் நக அளவுதான், 12 மெகாபிக்சல். ஐஎஸ்ஓ 800 தாண்டினால் குரங்கின் பிடரி மயிர் சாயம் பூசியது போல வழவழத்துப் போகும். வெட்டிப் பெரிதாக்கவும் அதிகம் இடமில்லை. பறக்கும் பறவைக்கு இதன் ஃபோகஸ் லாயக்கில்லை. வால்பாறையில் ஒருநாள் காலை இருவாச்சி ஜோடி தலைக்கு மேலே போனது. இறக்கைச் சத்தம் முதலில் கேட்டது, தயாராகத்தான் நின்றேன். வந்த படத்தில் மர இலை ஒவ்வொன்றும் துல்லியம், இருவாச்சி புகைமூட்டம். அப்புறம் எதிர் மேட்டு மரத்தில் அது உட்கார்ந்தபோது 600 மி.மீ. போதவில்லை. பக்கத்தில் பி900 வைத்திருந்த ஒரு தம்பி கண்ணிமை வரை எடுத்துவிட்டார். வயிற்றெரிச்சலாக இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். திறந்த வெளியில், ஏரிக்கரையில், நல்ல வெயிலில் பறவை பார்ப்பவர் என்றால் நீங்கள் பி900-ஐயே வாங்குங்கள். எடை 899 கிராம், பரவாயில்லை.

ஃபோகஸ் குறையை ஓரளவு ஈடுகட்ட ஒரு வசதி இருக்கிறது: 4கே ப்ரீ-பர்ஸ்ட். உட்கார்ந்திருக்கும் பறவைமேல் ஃபோகஸ் வைத்துக் காத்திருந்து, அது கிளம்பியதும் அழுத்தினால், அழுத்துவதற்கு ஒரு வினாடி முன்னாலிருந்தே நொடிக்கு 30 படம் சேமித்திருக்கும். ஒவ்வொன்றும் 8 மெகாபிக்சல். சீகாரப் பூங்குருவி பாறையை விட்டு எழும்பும் படம் எனக்கு அப்படித்தான் சிக்கியது. இதற்கு யூ3 (வேகமாகப் பதியும் வகை) என்று போட்ட மெமரி கார்டு வேண்டும். பேட்டரியையும் குடித்துத் தீர்க்கும். உபரியாக ஒன்று கட்டாயம்.

நான் வாங்கியது செகண்ட்ஹேண்ட், 22,000 ரூபாய். முதலில் பார்த்த கடையில் "புதுசு மாதிரிங்கக்கா" என்று சத்தியம் செய்தார்கள். வெளியே வந்து துளையை எஃப் 8-க்குச் சுருக்கி வானத்தை எடுத்துப் பார்த்தேன். மூலையில் மூன்று கரும்புள்ளி. தூசு உள்ளே போய்விட்டது. லென்ஸைக் கழற்ற முடியாத கேமராவில் அதை நாமே துடைக்க வழியில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டேன். நீங்களும் இந்த வானச் சோதனையைச் செய்யாமல் காசை நீட்டாதீர்கள். ஜூமை முழுக்க நீட்டி மடக்கிக் கரகரப்புக் கேட்கிறதா பாருங்கள். பேட்டரி உப்பியிருக்கிறதா, அதன் மூடிச் சந்தில் அடைப்பு ரப்பர் முழுசாக இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த ரப்பர் போனால் தூறல் தாங்கும் கதை முடிந்தது.

போன வாரம் ஒன்பதாம் வகுப்பில் சிங்கவால் குரங்குப் படத்தைத் திரையில் போட்டேன். கடைசி பெஞ்ச் வேறு கேள்வி கேட்டது: "டீச்சர், அது பல்லுல என்ன மாட்டியிருக்கு?" பெரிதாக்கிப் பார்த்தோம். பலாச்சுளை நார்.