15 நாள் பொறுங்கள் என்றார்கள், 6,499 ரூபாய் போய்விட்டது: கொசுப்பொறி எச்சரிக்கை

இன்று காலையில்தான் கடையிலிருந்து கடைசி பதில் வந்தது. "மின்விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, எனவே பொருளில் குறை இல்லை." பணம் வராது. 6,499 ரூபாய்! சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். யாராவது இந்த ஊதா விளக்குக் கொசுப்பொறியைக் கார்ட்டில் போட்டு வைத்திருந்தால் உடனே எடுத்துவிடுங்கள்.

வீடு மடிப்பாக்கத்தில். கொல்லையில் ஒரு கிணறு, துவைக்கிற கல், இரண்டு வாழை. ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் பொழுது சாயும் நேரத்தில் அம்மாவால் அங்கே நின்று துணி எடுக்க முடியாது. கொசுவர்த்திப் புகை அவருக்கு ஆகாது, இழுப்பு வந்துவிடும். புகை இல்லாமல் ஏதாவது கிடைக்குமா என்று தேடியபோது மாட்டியது, வீட்டுக்கும் தோட்டத்துக்குமான சாமான் விற்கும் ஓர் ஆன்லைன் கடை. புகார் நடப்பதால் பெயர் போடவில்லை. அங்கே இருந்த பொறி இதுதான்: ஊதா விளக்கு, அடியில் மின்விசிறி, அதற்குக் கீழே வலைக்கூடை. கால் ஏக்கருக்குப் போதுமாம். எங்கள் கொல்லை கால் கிரவுண்டுகூட வராது.

நம்பரைப் பதிந்ததும் கடையிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். விற்கிற ஆள் மாதிரியே பேசவில்லை. அம்மாவின் வயதைக் கேட்டார், என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டார். "அம்மாவுக்கு வீசிங்கா சார்? அப்போ லிக்விடும் வேண்டாம். எங்க அம்மாவுக்கும் இதே பிரச்சினைதான், எங்க மாடியில இதைத்தான் மாட்டியிருக்கேன்." இந்த வார்த்தைக்குத்தான் 6,499 ரூபாய். உள்ளே டைட்டானியம் டை ஆக்சைடு பூச்சு இருக்கிறது, வெளிச்சம் பட்டால் மனிதர் மூச்சு விடுவதுபோலக் கரியமில வாயு வரும், கொசு ஏமாந்து உள்ளே போய்விடும் என்றார். வைக்கும்முன் ஒன்று சொன்னார்: "மாட்டின உடனே பார்க்காதீங்க சார். கொசு அதுக்குப் பழக 15 நாள் ஆகும்."

திருப்பி அனுப்பக் கெடு 10 நாள்!

கூடை காலியாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். அந்துப்பூச்சி, ஈசல், பொடிப்பொடி வண்டு என்று நிறையவே விழுந்தது. கொசு என்று பொறுக்கினால் ஒன்றிரண்டு தேறும். பக்கத்தில் நின்று பொறுக்கிய என் காலில் கடித்தவை அதைவிட அதிகம். கடிக்க வருகிற கொசு விளக்கையா தேடுகிறது? மூச்சுக்காற்றையும் வியர்வையையும் உடம்புச் சூட்டையும்தான் தேடி வருகிறது. ஓர் ஆள் ஒரு நாளில் விடும் கரியமில வாயு ஏறத்தாழ ஒரு கிலோ. அந்த மெல்லிய பூச்சு அதற்கு எங்கே போகும்? நிஜமாகவே வாயு விடுகிற பொறிகள் உண்டு, ஆனால் அவற்றுக்கு சிலிண்டர் வேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவோ பகலில் கடிப்பது. ராத்திரி எரியும் ஊதா விளக்கால் அதற்கு என்ன வந்தது?

கடைக்குப் போன் போட்டேன், அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. முதலில் பேசிய பெண் இரண்டடி உயரத்தில் மாட்டச் சொன்னார். அடுத்தவர் ஆறடி என்றார். இன்னொருவர் பக்கத்து வீட்டு விளக்கை அணைக்கச் சொல்லச் சொன்னார். தெருவிளக்கையுமா என்று கேட்டேன், லைன் கட். அம்மாவின் மாத்திரையை விசாரித்த மனிதரைக் கேட்டால் அப்படி ஒருவர் இங்கே இல்லவே இல்லையாம். சாட்டில் போனால் "உங்கள் பொறுமைக்கு நன்றி" என்று வருகிறது. என் பொறுமையை எவன் கேட்டான், 6,499 ரூபாயைக் கொடு.

இதற்கு நடுவில் மாநகராட்சியின் கொசு ஒழிப்புப் பணியாளர் ஒரு அக்கா வந்தார். பொறியைப் பார்த்துச் சிரித்துவிட்டு நேராக செப்டிக் டேங்க் காற்றுக்குழாயைக் காட்டினார். மேலே கட்டியிருந்த வலை மழையில் கிழிந்து தொங்கியது. "ராத்திரி கடிக்கிறது இதுலருந்துதான் தம்பி வருது" என்றார். கொசுவலைத் துணியை இரண்டாக மடித்துக் கட்டியதில் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குக் குறைந்திருக்கிறது. செலவு என்று சொல்ல ஒன்றுமில்லை.

வாங்குமுன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது இருக்கிற கோபத்தில் முடியவில்லை. ஊதா விளக்குப் பொறியை வெட்டவெளிக்கு வாங்காதீர்கள். "பழக நாளாகும்" என்று யார் சொன்னாலும் திருப்பும் கெடுவை உடனே பாருங்கள். போனில் சொல்வதை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள், என்னிடம் அது இல்லாததால்தான் இவ்வளவு துள்ளுகிறார்கள். பொறிதான் வேண்டும் என்றால் கறுப்பு வாளியில் தண்ணீர் வைத்து ஏடிஸை முட்டையிட வரவழைக்கும் முறை உண்டு. ஆனால் வாரம் தவறாமல் அதைக் கொட்டித் தேய்த்துக் கழுவ வேண்டும், ஒரு வாரம் மறந்தாலும் அதுவே கொசுப்பண்ணை.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்துவிட்டேன். இதே மாதிரி 15 நாள் கதை கேட்டு வாங்கியவர்கள் இருந்தால் பில்லையும் அழைப்புப் பதிவையும் அழிக்காமல் வைத்திருங்கள், நீங்களும் பதியுங்கள்.