முதல் பட்டதாரி சலுகையா, கல்விக்கடனா?

தமிழ்நாட்டில் பொறியியல் படிப்புக்கான முதல் பட்டதாரி சலுகை, குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிப்பவருக்குக் கல்விக் கட்டணத்தில் கிடைக்கும், திருப்பிச் செலுத்த வேண்டாத உதவி. ஆனால் அது குடும்பத்தில் ஒருவருக்கு மட்டுமே, அதுவும் அரசுக் கலந்தாய்வு வழியே சேர்ந்தால்தான் கிடைக்கும். விடுதிச் செலவுக்கு உதவாது.

வங்கிக் கல்விக்கடன் விடுதிச் செலவையும் ஏற்கும். பொதுத்துறை வங்கிகளின் மாதிரித் திட்டப்படி ரூ.4 லட்சம் வரை நம் பங்காக முன்பணம் போட வேண்டியதில்லை, ரூ.7.5 லட்சம் வரை சொத்துப் பிணையும் வேண்டாம், ஆனால் பெற்றோர் இணைக் கடனாளியாகக் கையெழுத்திட வேண்டும். படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம் என்றதும் வட்டியும் ஓடாது என்று பலர் எண்ணிவிடுகிறார்கள்; ஆனால் வட்டி ஓடும். ரூ.4 லட்சம் கடன் என்றால், அதை முழுதும் பெற்றபின், வட்டி 10 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால்கூட ஆண்டுக்கு ரூ.40,000 வட்டி சேர்ந்துகொண்டே போகும்.

என் கணிப்பில், கலந்தாய்வுக்கு முன்பே இ-சேவை மையத்தில் முதல் பட்டதாரி சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிட்டு, சலுகை போக மீதித் தொகைக்கு மட்டும் கடன் கேட்பதே சரி.