கோணிப்போன முழங்கை: விட்டுவைப்பதா, வெட்டி நிமிர்த்துவதா?

ஆறு வயதில் கொய்யா மரத்திலிருந்து விழுந்து, முழங்கைக்குச் சற்று மேலே முறிந்து, மூங்கில் பத்தையும் எண்ணெய்க்கட்டுமாக ஆறிய கை என்னுடையது. நீட்டினால் முன்கை வெளிப்புறம் விரியாமல் உடலை நோக்கிச் சாயும் இந்தக் கோணலை மருத்துவர்கள் க்யூபிடஸ் வேரஸ் என்கிறார்கள். வளர வளரச் சரியாகும் என்றே வீட்டில் நம்பினார்கள். ஆனால் மேற்கை எலும்பின் நீள வளர்ச்சியில் ஏறத்தாழ 80 விழுக்காடு தோள்முனையிலேயே நிகழ்வதால், முழங்கையருகே விழுந்த கோணல் தானாக நிமிர்வது அரிது.

அப்படியே விட்டுவைப்பதற்கு வலுவான காரணம் உண்டு. மடக்குவதும் நீட்டுவதும் பெரும்பாலும் குறையாததால் சுமை தூக்கவோ வண்டி ஓட்டவோ தடையில்லை. மிஞ்சுவது அரைக்கைச் சட்டையில் வரும் கூச்சம்தான். எனினும் பல ஆண்டுகள் கழித்துச் சிலருக்கு முழங்கையின் வெளிப்புறத் தசைநார் தளர்ந்து மூட்டு நிலைகுலைவதும், முழங்கையின் உட்புறமாகச் சுண்டுவிரல்வரை செல்லும் அல்நார் நரம்பு நெருக்கப்பட்டுச் சுண்டுவிரல் மரத்துப்போவதும் உண்டு என்பதால், விட்டுவைத்தவர் அதை மறந்துவிடக் கூடாது.

ஆஸ்டியோட்டமி எனப்படும் அறுவையில், எலும்பின் வெளிப்புறத்தில் ஆப்பு வடிவில் ஒரு துண்டை வெட்டியெடுத்து, இடைவெளியை மூடி, குழந்தைகளுக்குப் பெரும்பாலும் கம்பியாலும் பெரியவர்களுக்குப் பிளேட், திருகுகளாலும் பொருத்துகிறார்கள். கை நேராகும் என்பது உண்மை. கிருமித்தொற்று, நரம்புக் காயம், மூட்டு இறுக்கம், கோணல் முழுதும் தீராமை ஆகியவையும் உண்மை. அழகுக்காகப் போனவர், தழும்போடு வெளிப்புறத்தில் துருத்திய எலும்பையும் பெற்றுத் திரும்புவதுண்டு. ஆறிய எலும்பு திருகியும் இருக்கலாம் என்பதால், இரு கைகளையும் எக்ஸ்ரேயில் ஒப்பிட்டு அளக்காமல் அறுவைக்கு நாள் குறிப்பது அவசரம்.

நரம்பை மட்டும் விடுவித்து, தேவையானால் முழங்கையின் முன்புறத்துக்கு மாற்றிவைப்பது மூன்றாம் வழி. மரத்துப்போதல் மட்டுமே தொல்லையாக உள்ளவருக்கு இது ஏற்கத்தக்கது. கோணல் அப்படியே நிற்கும்.

இதே கோணல் பத்து வயதுப் பிள்ளைக்கு இருந்து, மூட்டின் அசைவும் முழுதாகத் திரும்பியிருந்தால், எலும்பு விரைவில் கூடும் வயது என்பதால் அறுவையின் பக்கமே சாய்ந்திருப்பேன். நாற்பதைத் தொடும் எனக்கு, தோற்றத்துக்காக மட்டும் வெட்டிக்கொள்ள மனமில்லை. ஆனால் சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறத் தொடங்கினாலோ, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் இடையிலுள்ள சதை வற்றினாலோ, நரம்பில் மின்குறிகள் எப்படிச் செல்கின்றன என்று அளக்கும் நரம்புக் கடத்தல் சோதனையைத் தள்ளிப்போட மாட்டேன். வற்றிய சதை அறுவைக்குப் பின்னும் முழுதாகத் திரும்பாமல் போகலாம்.