குளியலறைக்கு லூவரா, எக்ஸாஸ்ட் ஃபேனா?

புது அடுக்ககத்தில் வீடு பார்க்கப் போகிறவர்கள் சமையல் மேடையைத் தட்டிப் பார்ப்பார்கள். குளியலறையில் மட்டும் குழாயைத் திறந்து மூடிவிட்டு வந்துவிடுவார்கள். அங்கே அண்ணாந்தும் பார்க்க வேண்டும். ஈரக்காற்று போக வழி எது? கண்ணாடிப் பட்டைகள் அடுக்கிய லூவர் ஜன்னலா, திறக்க முடியாத கண்ணாடியும் எக்ஸாஸ்ட் ஃபேனுமா?

தேசியக் கட்டட விதித்தொகுப்பு குளியலறை ஜன்னலுக்குக் கேட்பது குறைந்தது 0.37 சதுர மீட்டர். அதாவது இரண்டடிக்கு இரண்டடி. இந்த அளவில் வெளிச்சுவர் லூவர் இருந்தால் என் ஓட்டு அதற்கே. மின்வெட்டிலும் காற்று போகும். 'எதிர்வீட்டுக்குத் தெரியுமே' என்ற அச்சம் பட்டையின் சாய்வில் தீர்ந்துவிடும். வெளி விளிம்பு தாழ்ந்திருந்தால், எதிர்க்கட்டடத்தின் மேல்மாடியில் நிற்பவருக்குக் கண்ணாடிதான் தெரியும். கீழே நிற்பவருக்கு உங்கள் உட்கூரை தெரியும், தெரிந்துவிட்டுப் போகட்டும். நான் பார்த்த ஒரு வீட்டில் பட்டைகளைத் தலைகீழாக மாட்டியிருந்தார்கள். மழைநீர் உள்ளே வழிந்தது. மேல்மாடிப் பார்வைக்கும் தடையில்லை.

மறைவுக்காகப் போடும் மங்கல் கண்ணாடியிலும் ஒரு சூது உண்டு. சொரசொரப்பான பக்கம் உள்ளே இருந்தால், தண்ணீர் பட்டதும் அந்த இடம் தெளிந்துவிடும். ஈர விரலால் தேய்த்துப் பாருங்கள். முகம் பார்க்கும் கண்ணாடி போல் மின்னும் ஒட்டுத்தாளோ பகலில்தான் காக்கும். இரவில் உள்ளே விளக்கெரிந்தால் வெளியே இருப்பவருக்குத்தான் வசதி.

வெளிச்சுவரே இல்லாத குளியலறைக்கு ஃபேன்தான் கதி. மறைவு முழுமையானது, வெந்நீராவியும் விரைவில் வெளியேறும். ஆனால் உள்ளே காற்று வராமல் வெளியே போகாது. கதவை மூடி, ஃபேனை ஓடவிட்டு, ஒரு துண்டுச் செய்தித்தாளை அதன் முகப்பில் வையுங்கள். ஒட்டாமல் விழுந்தால் கதவுக்கடியில் இடைவெளி இல்லை, அல்லது ஃபேனின் காற்றுக்குழாயின் மறுமுனை அடைபட்டிருக்கிறது. அந்த மறுமுனை பொய்க்கூரைக்குள் முடிந்தால் ஈரம் அங்கேயே தங்கும். டக்ட்டில் (குழாய்கள் போகும் செங்குத்து இடைவெளி) முடிந்தால் புறாக்கூடு இருக்கிறதா என்று எட்டிப் பாருங்கள். விளக்கும் ஃபேனும் ஒரே சுவிட்சில் இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். குளித்து வெளியே வந்தபின்னும் ஃபேனுக்கு வேலை உண்டு.

இரண்டும் சேர்ந்திருந்தால் நல்லதுதான், ஃபேன் ஜன்னலை ஒட்டி இல்லாதவரை. ஒட்டியிருந்தால் ஜன்னலில் நுழைந்த காற்றையே அது திருப்பி அனுப்பும். கேஸ் கீசரை மட்டும் இரண்டையும் நம்பி உள்ளே வைக்காதீர்கள். அது எரியும்போது வரக்கூடிய கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவுக்கு வாசனை கிடையாது.

ஒருமுறை இருட்டியபின் போங்கள். உள்ளே விளக்கைப் போட்டு, கூட வந்தவரை ஜன்னல் கண்ணாடியருகே நிற்கச் சொல்லிவிட்டுத் தெருவிலிருந்து பாருங்கள்.