படகு மெத்தைப் பூஞ்சையைப் போக்குவதாகச் சொல்லி வருபவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்

கொடைக்கானல் மேல்மலையில் எங்கள் குடும்பம் நடத்தும் சிறிய தங்கும் விடுதியில் ஒரு குளமும், விருந்தினருக்காக நான்கு துடுப்புப் படகுகளும் இருக்கின்றன. அவற்றின் எட்டு இருக்கை மெத்தைகளையும் சுத்தம் செய்து, மூன்று ஆண்டுகளுக்குப் பூஞ்சை அண்டாதபடி பூச்சு அடித்துத் தருவதாகச் சொல்லி வந்த ஒருவரிடம் சென்ற ஆண்டு ஆவணியில் 14,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தோம். பணம் போனதைவிட, இன்னும் சில ஆண்டுகள் உழைத்திருக்க வேண்டிய ரெக்ஸினும் தையலும் பாழானதுதான் எனக்குப் பெரிய வருத்தம். ஐப்பசி மழைக்கு முன் மலையில் பலரும் இதே வேலைக்கு ஆள் தேடுவார்கள் என்பதால் நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

அவர் வந்ததும் விலை பேசவில்லை. இருப்பதிலேயே அதிகம் கறுத்திருந்த மெத்தையை எடுத்து, அதன் மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு எதையோ தெளித்தார். ஐந்து நிமிடத்தில் கரும்புள்ளிகள் மறைந்து ரெக்ஸின் பளிச்சென்று வெளுத்தது. "கண்ணெதிரிலேயே போய்விட்டதே, இன்னும் என்ன யோசனை?" என்று மாமா கேட்க, அப்போதே முன்பணம் கொடுத்துவிட்டோம். என்ன மருந்து என்று கேட்டதற்கு, பெயரைச் சொல்லக் கூடாது என்று மறுத்துவிட்டார். நீச்சல் குளத்தில் வருவது போன்ற வாடை மூக்கில் ஏறியது. அது சாதாரண ப்ளீச்தானே என்று அந்த இடத்திலேயே நான் கேட்டிருக்க வேண்டும்.

பனிமூட்டம் இறங்கியிருந்த ஒரே பிற்பகலில் எட்டு மெத்தைகளையும் முடித்து, தண்ணீர் விட்டு அலசாமல் துணியால் துடைத்து, மினுமினுப்பான ஏதோ ஒரு திரவத்தைத் தடவி, தடித்த பாலித்தீன் உறையில் இறுக்கமாகச் சுற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். மூன்று வாரம் கழித்துப் பிரித்தபோது, கறை முன்பிருந்த இடத்திலேயே, குறிப்பாகத் தையல் ஓடும் வரிசையில், ஊசியால் குத்தியது போலத் திரும்ப முளைத்திருந்தது. அதே வாரத்தில் ஒருவர் உட்கார்ந்ததும் ஒரு மெத்தையின் தையல் நீளத்துக்குப் பிரிந்தது. தொங்கிய நூலை விரலால் இழுத்தேன்; காய்ந்த வைக்கோல் போல அது இற்று விழுந்தது.

பிறகு கொடைக்கானலில் எங்களுக்குப் பழக்கமான குஷன் தைப்பவரிடம் ஒன்றைக் கொண்டுபோனோம். அவர் அதைக் குப்புறப் போட்டு, துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டு ஸ்பாஞ்சைப் பிழிந்தார். பழுப்பு நிறத் தண்ணீர் ஒழுகியது. அடியில் இருந்த ப்ளைவுட் முழுவதும் கறுத்து, ஈர மண் போல நாறியது. பூஞ்சை அங்கேதான் வேரோடியிருந்தது. ப்ளீச் மேற்பரப்பின் நிறத்தைத்தான் எடுத்தது; அலசாமல் விட்டதால் தையல் ஓட்டை வழியே இறங்கிப் பருத்தி நூலை அரித்துவிட்டது. வெளிக்காற்று புகாத பாலித்தீன் உறையோ உள்ளேயிருந்த ஈரத்தைப் பூட்டி வைத்தது.

ரெக்ஸின் பூஞ்சைக்கு இரையாவது அரிது. அதன் மேல் படியும் வியர்வை, எண்ணெய், தின்பண்டத் துகள், அடித்துணி, நூல் ஆகியவையே அதற்கு உணவு. இங்கே பல மாதங்கள் நீங்காத ஈரம் அதை வளர்க்கிறது. எனவே முதல் வேலை உலர்த்துவதுதான். மெத்தையைப் படகிலிருந்து கழற்றி, வெயிலில் நிறுத்தி, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு மென்மையான தூரிகையால் தட்டிவிட வேண்டும். பிறகு மிதமான சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரால் தேய்க்கலாம். போகாத புள்ளிகளில் சம அளவு தண்ணீர் கலந்த வெள்ளை வினிகரைத் தடவிப் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டுத் துடைத்து, அலசி, முழுவதும் காய வைக்க வேண்டும். ப்ளீச் பட்ட மெத்தையில் வினிகரை ஒருபோதும் ஊற்றக் கூடாது. நச்சு வாயுவான குளோரின் கிளம்பும். இளஞ்சிவப்பு நிறத்தில் பரவும் கறை பெரும்பாலும் நுண்ணுயிர்கள் உண்டாக்கிய சாயம் அடியிலிருந்து ரெக்ஸினுக்குள் ஊறியதாகும். தேய்த்து அதைப் போக்க முடியாது. போக்குகிறேன் என்று சொல்பவரை நம்ப வேண்டாம்.

இப்போது புதிய மெத்தைகளைப் பாலியெஸ்டர் நூலால் தைத்து, அடிப்பலகையில் நீர் வடியத் துளைகள் போட்டிருக்கிறோம். மாலையில் அவற்றைக் கழற்றிக் கொட்டகையில் ஒன்றோடொன்று ஒட்டாமல் செங்குத்தாக நிறுத்துகிறோம். மூடுவதென்றால் காற்று போகும் துணிதான்.

அவர் தந்தது முத்திரையும் முகவரியும் இல்லாத ஒரு துண்டுச் சீட்டு. கைப்பேசி எண்ணும் இப்போது வேலை செய்வதில்லை. அதனால்தான் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பது எங்களுக்குக் கடினமாகிவிட்டது. முறையான ரசீது இருந்திருந்தால், 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லாமல், வழக்கறிஞரும் இல்லாமல் நாமே மனுச் செய்திருக்கலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் சொல்லலாம். மேல்மலையில் அவர் இன்னும் சுற்றுவதாகக் கேள்விப்படுகிறேன். உங்களிடம் வந்து மூலையில் தெளித்துக் காட்டினால், முன்பணம் கொடுக்கும் முன் ஒரு மெத்தையைக் குப்புறப் போட்டு அடிப்பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.