மூன்று வருடம் ஒரு ஸ்டாப்வாட்சுடன் படித்த அனுபவம்

2022 ஜூலை 24 அன்று அரசு வேலைக்கான டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வை எழுதி முடித்தபோது கடைசி 14 கணக்குகளைப் பார்க்கவே நேரம் இல்லை. தோன்றிய வட்டத்தை நிரப்பிவிட்டு எழுந்தேன். நாள் முழுக்கப் படித்தும் இப்படி ஆகிவிட்டதே என்ற வேதனை பல நாள் தீரவில்லை. அந்த வாரமே தருமபுரி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், பி.டி. வாத்தியார்கள் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் ஸ்டாப்வாட்ச் ஒன்றை 180 ரூபாய்க்கு வாங்கினேன். கூடவே ஒரு கோடு போட்ட நோட்டு. 2025 ஜூலை 12 தேர்வு வரை இந்த இரண்டையும் வைத்துத்தான் என் நேரத்தை நடத்தினேன்.

விதி ஒன்றுதான். படிக்கத் தொடங்கினால் ஓடவிட வேண்டும், எழுந்தால் நிறுத்த வேண்டும். தண்ணீர் குடிக்கப் போனாலும் சரி, அம்மா கூப்பிட்டாலும் சரி. முதல் நாள் காலை நாலரை முதல் ஏழு வரை, இரவு எட்டு முதல் பத்தரை வரை உட்கார்ந்தேன். ஐந்து மணி நேரம் படித்ததாகத்தான் நினைத்தேன். வாட்ச் காட்டியது 2 மணி 50 நிமிடம். அழுகையே வந்துவிட்டது. செல்போனிலேயே நேரம் பார்க்கலாமே என்று தம்பி கேட்டான். நேரம் பார்க்க எடுத்தால் வாட்ஸ்அப்பில்தான் போய் நிற்பேன் என்பது எனக்குத் தெரியும். படிக்கும்போது போன் சமையலறை அலமாரிக்குப் போய்விடும்.

எங்கள் ஊர் பாலக்கோடு பக்கம். வேலை தருமபுரியில், பஸ்ஸில் முக்கால் மணி நேரம். முதலில் பஸ்ஸில் படித்ததையும் கணக்கில் சேர்த்தேன். நின்றுகொண்டு படித்தது எதுவும் மறுநாள் நினைவில் இல்லாததால் அதை விட்டுவிட்டேன். பிறகு பஸ்ஸில் புத்தகத்தைத் திறக்காமல், காலையில் படித்ததை மனதுக்குள் சொல்லிப் பார்ப்பேன். தக்காளி பறிக்கும் நாட்களில் காலைப் படிப்பு பாதியாகிவிடும். "நீ போய் படி பாப்பா" என்று அப்பா சொன்னாலும் விட்டுவிட்டு உட்கார மனம் வராது. அந்த நாட்களுக்கு நோட்டில் சின்ன இலக்கு.

ஆறு மாதத்தில் விடுமுறை நாட்களில் நிகரமாக ஐந்து மணி நேரத்தைத் தொட்டேன். ஆனால் மாதிரித் தேர்வு மதிப்பெண் அசையவில்லை. மாதக் கடைசியில் பாடவாரியாகக் கூட்டிப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. 200 கேள்விகளில் 100 தமிழ், நான் தமிழுக்குக் கொடுத்ததோ கால் பங்கு நேரம். திருப்புதலுக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. 2023 பொங்கலிலிருந்து மாற்றினேன். காலையில் ஒன்றரை மணி நேரம் புதுப்பாடம். இரவில் முதல் 40 நிமிடம் புத்தகத்தை மூடிவிட்டு, காலையில் படித்ததைத் தாளில் எழுதுவது. கணக்குப் பாடத்துக்கு, என்ன ஆனாலும், தினமும் அரை மணி நேரம். இந்த மூன்று வருடத்தில் எனக்கு அதிகம் உதவியது அந்த 40 நிமிடம்தான்.

நடப்பு நிகழ்வுகளுக்கும் திருப்புதல் வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் பெருமையாகக் குறித்து வைத்தேன். 2025 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 என்று அறிவித்தார்கள். பக்கத்து மாவட்டம் பின்னுக்குப் போனதில் கொஞ்சம் வருத்தம்தான். அப்புறம், பழைய குறிப்புகளைத் திருத்துவதற்கென்றே மாதம் ஒரு மணி நேரம் ஒதுக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் உண்மைத் தேர்வைப் போலவே ஒன்பதரை முதல் பன்னிரண்டரை வரை மாதிரித் தேர்வு. 180 நிமிடத்தில் 200 கேள்வி, ஒன்றுக்கு 54 விநாடி. பழகப் பழகத் தமிழுக்கு 50 நிமிடம், பொது அறிவுக்கு 60, கணக்குக்கு 45 என்று படிந்தது. மீதி 25 நிமிடம் விடைத்தாளைச் சரிபார்க்க. கணக்கைக் கடைசிக்கு வைப்பதை அடியோடு விட்டேன்.

குறைகளும் உண்டு. பட்டனை அழுத்தினால் வரும் கீச்சென்ற சத்தம் விடியற்காலையில் வீட்டையே எழுப்பும். பின்புற ஓட்டையில் செல்லோடேப் ஒட்டினேன். கை தவறி அழுத்தினால் எண் அழிந்துவிடும், எழுந்ததும் நோட்டில் எழுதிவிட வேண்டும். பெரிய குறை, எண்ணின் மேல் வரும் ஆசை. 2024 ஜூன் 9 தேர்வுக்கு முன் இரண்டு மாதம் நாலரை மணி நேரம்தான் தூங்கினேன். தேர்வு வாரத்தில் காய்ச்சல். அதன் பிறகு இரவு பத்து மணிக்கு என்ன பாக்கி இருந்தாலும் புத்தகத்தை மூடிவிடுவேன். மின்னணுக் கருவிகளைத் தேர்வறைக்குள் விடமாட்டார்கள் என்பதால், கடைசி மாதம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தே பழகுவது நல்லது.

2025 ஜூலையில் 11 நிமிடம் மீதம் வைத்து எல்லாக் கேள்விக்கும் விடை குறித்தேன். இப்போது குரூப் 2 படிக்கிறேன். பட்டன் செல் இரண்டு முறை மாற்றியாயிற்று. அறுந்த கயிற்றுக்குப் பதில் அம்மாவின் பழைய சேலைக் கரையைக் கட்டியிருக்கிறேன். இன்று காலைக் கணக்கு 1 மணி 42 நிமிடம்.